சென்னையைச் சுற்றிச் சரக்கு ரயில்களின் தடம் அறிய ஒரு வழிகாட்டி

பயணிகள் ரயில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். சரக்கு ரயிலுக்கு அந்த வசதி இல்லை. பயணிகளுக்கான ரயில்வே செயலிகளில் கூட்ஸ் வண்டி தெரியாது. பொதுமக்களுக்கென்று அச்சிட்ட கால அட்டவணையும் கிடையாது. எந்த ரேக் (ஒரே தொடராகக் கோத்த சரக்குப் பெட்டிகளின் தொகுதி) எப்போது நகர வேண்டும், எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதைக் கோட்டக் கட்டுப்பாட்டு அறை அவ்வப்போதைய நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. சரக்கை அனுப்பியவரிடம் ரயில்வே ரசீது இருக்கும். அதை வைத்து அவர் தன் ரேக் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வார். நம்மைப் போன்ற ஆர்வலர்கள் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் கேமராவுடன் ஏதோ ஒரு நடைமேடையில் போய் நிற்கிறார்கள். நிலக்கரி வண்டி ஒன்று தடதடத்துப் போகிறது. அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று தெரியாமலே வீடு திரும்புகிறார்கள். வண்டிகளைத் தேடிப் போவதற்கு முன்னால் சந்திப்புகளைப் படித்துவிடுங்கள் என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை. சென்னையைச் சுற்றித் தடங்கள் பிரிந்து சேரும் முக்கியமான இடங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவை மனத்தில் பதிந்துவிட்டால், ஒரு ரேக்கை ஓரிடத்தில் ஒரு நிமிடம் பார்த்தாலே அதன் வழியைப் பெரும்பாலும் ஊகித்துவிட முடியும்.

முதலில் காகிதத்தில் ஒரு படம்

வெள்ளைத்தாளில் மூன்று கோடுகள் போடுங்கள். சென்ட்ரலிலிருந்து வடக்கே எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை வழியாகக் கூடூர் வரை ஒன்று. மேற்கே பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் வரை இன்னொன்று. கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கே எழும்பூர், தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை மூன்றாவது.

இனி, இந்தக் கோடுகளின் நுனிகளை இணைக்கும் வெளிவட்டத்தை வரையுங்கள். கூடூரிலிருந்து ரேணிகுண்டாவுக்கு ஒரு தடம்; ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணத்துக்கு ஒரு தடம்; அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம், வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒரு தடம். இந்த வில்தான் நகரத்துக்குள் நுழையாமல் சரக்கைச் சுற்றி அனுப்பும் பாதை. விஜயவாடாப் பக்கமிருந்து சேலத்துக்குப் போகும் ரேக்குக்குச் சென்னையில் வேலையே இல்லை. அது கூடூரில் திரும்பி ரேணிகுண்டா வழியாகப் போய்விடலாம். ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி, பாகாலா வழியாகக் காட்பாடிக்கும் ஒரு தடம் உண்டு. அந்த 104 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்த வேலை முடியும்போது வெளிவட்டத்தின் மேற்குப் பகுதியில் நாம் இப்போது பார்க்கும் ஓட்டமே மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

தாளில் வரைந்ததை ஓப்பன்ரயில்வேமேப் என்ற இலவச வரைபடத்துடன் ஒப்பிடுங்கள். யார்டுகள் (வண்டிகளை நிறுத்திப் பிரித்துச் சேர்க்கும் இடங்கள்), சைடிங்குகள் (சரக்கு ஏற்றி இறக்கும் கிளைப் பாதைகள்), இணைப்புப் பாதைகள் அதில் தனித்தனியாகத் தெரியும். சந்தேகம் வரும் இடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. இரண்டு தடங்கள் ஒரே நிலையத்தில் சந்திப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றதற்கு நேராகப் போய்விட முடியாது. வளைவு எதிர்ப்பக்கம் இருந்தால், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டித்தான் வண்டி கிளம்ப வேண்டும். நிலையத்தில் நேரம் பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்க்கத்தான் இணைப்புப் பாதைகள் போடுகிறார்கள். அப்படி ஓர் இணைப்பு எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் பாதித் தடத்தை அறிந்தவர்.

கொருக்குப்பேட்டையில் நேரம் செலவிடுங்கள்

எல்லாச் சந்திப்புகளிலும் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். பேசின் பாலம், வியாசர்பாடி ஜீவா, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை ஆகிய நான்கு நிலையங்களும் மிகக் குறைந்த தூரத்துக்குள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே போகும் பாதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே இருக்காது.

சென்ட்ரலிலிருந்து பேசின் பாலம் வழியாக வியாசர்பாடி போகும் பாதை மேற்குத் தடம். அதே பேசின் பாலத்திலிருந்து கொருக்குப்பேட்டைக்குப் பிரிவது வடக்குத் தடம். கடற்கரை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் பாதையும் கொருக்குப்பேட்டையில் வந்து சேர்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து பேசின் பாலத்தைத் தொடாமல் வியாசர்பாடிக்குப் போகும் கிளை ஒன்று உண்டு. கடற்கரையிலிருந்து ஆவடிக்குச் செல்லும் புறநகர் ரயில்கள் அதில்தான் போகின்றன. ஐந்தாவது, நமக்கு மிக முக்கியமானது: கொருக்குப்பேட்டையிலிருந்து நேராக வியாசர்பாடிக்குத் திரும்பும் இணைப்பு. வடக்கிலிருந்து வரும் வண்டி சென்ட்ரலுக்குள் நுழையாமல், எஞ்சினை மாற்றாமல், பெரம்பூர் பக்கம் திரும்புவது இதன் வழியாகத்தான். பாட்னா அருகேயுள்ள தானாப்பூரிலிருந்து பெங்களூரு போகும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் சென்ட்ரலுக்கு வராமல் பெரம்பூரில் மட்டும் நின்று போவதற்கும் இந்த இணைப்பே காரணம். எண்ணூர்ப் பக்கமிருந்தும் துறைமுகப் பக்கமிருந்தும் மேற்கே போக வேண்டிய சரக்குக்கு இதுதான் வாசல்.

இந்தப் பாதைகளை வரைபடத்தில் மட்டும் பார்த்தால் மனத்தில் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடற்கரையிலிருந்து ஆவடிக்குப் போங்கள். திரும்பி வரும்போது சென்ட்ரலுக்கு வந்து, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் எண்ணூர் வரை போங்கள். எந்த இடத்தில் வண்டி குலுங்கிப் பாதை மாறுகிறது, பக்கத்தில் எந்தத் தடம் விலகிப் போகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், ஒரே நாளில் இந்தச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

வடக்கும் மேற்கும் இப்படிப் பின்னிக் கிடக்கும்போது தெற்குத் தடம் மட்டும் ஏன் கடற்கரை வழியாக ஒரே இழையில் தொங்குகிறது என்ற கேள்வி உங்களுக்கு எழும். அதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. சென்ட்ரல் பக்கம் ஒரு கம்பெனியின் அகலப் பாதை. எழும்பூர் பக்கம் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை. 1951 ஏப்ரலில் இரண்டும் தெற்கு ரயில்வேயாக ஒன்றான பிறகும் பாதையின் அகலம் ஒன்றாகவில்லை. கடற்கரை-தாம்பரம் இடையே மீட்டர் பாதைப் புறநகர் ரயில் 2004 வரை ஓடியது. இந்தத் தடத்தில் புறநகர் ரயில்களின் நெருக்கமும் அதிகம். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக, கடற்கரை-சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. இடம் அவ்வளவு இறுக்கம். ஆகவே தெற்குத் தடத்தில் பகலில் சரக்கு ரயிலுக்காகக் காத்திருப்பதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

அரக்கோணம், செங்கல்பட்டு, கூடூர்

அரக்கோணத்தில் நான்கு திசைகளின் தடங்கள் கூடுகின்றன: சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி-ஜோலார்பேட்டை, செங்கல்பட்டு. மின்சார எஞ்சின் பணிமனையும் இங்கே இருக்கிறது. ஊரே ரயில்வே ஊர் என்பதால், தேநீர்க் கடையில் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவராவது அகப்படுவார். “ஐயா, இந்த ரேக் எந்தப் பக்கம் போகும்?” என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், புத்தகங்களில் கிடைக்காத விளக்கம் கிடைக்கும்.

அரக்கோணம்-செங்கல்பட்டுப் பாதையில் ஒரு காலம் வரை ஒரு தடங்கல் இருந்தது. அரக்கோணத்தின் கடற்படை விமானதளமான ராஜாளியை ஒட்டித் தக்கோலம் பக்கம் பாதை போனதால், அந்தத் துண்டை மின்மயமாக்க முடியாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. தடத்தை விலக்கிப் போட்ட பிறகு 2019-இல்தான் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு, அரக்கோணம் வழியாக வட்டமாக மின்சாரப் புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. சரக்கு ரயில்களுக்கும் அதனால் பலன்தான். மின்சார எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டும் அவசியம் போய்விட்டது.

கூடூர் இன்னொரு வகையில் முக்கியம். தெற்கு ரயில்வேயின் எல்லை அங்கே முடிந்து அடுத்த மண்டலம் தொடங்குகிறது. ஒரு மண்டலம் இன்னொரு மண்டலத்திடம் ரேக்கை ஒப்படைக்கும் இத்தகைய எல்லைகளை ரயில்வேக்காரர்கள் ‘இன்டர்சேஞ்ச்’ என்கிறார்கள். தினமும் எத்தனை ரேக் வாங்கினோம், எத்தனை கொடுத்தோம் என்று இரு பக்கமும் கணக்கு வைத்துக்கொள்கின்றன. ரேணிகுண்டா திசையிலும், ஜோலார்பேட்டையைத் தாண்டிப் பெங்களூருப் பக்கமும் இப்படியே எல்லைகள் உண்டு. எல்லை அருகே வண்டிகள் வரிசையில் நிற்பதைக் கண்டால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள வழி திறக்கும்வரை இந்தப் பக்கம் காத்திருக்கத்தான் வேண்டும்.

சரக்கு எங்கே பிறக்கிறது

சந்திப்புகள் பிடிபட்ட பிறகு, சரக்கு ஏறும் இடங்களையும் இறங்கும் இடங்களையும் படத்தில் புள்ளியிடுங்கள்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து வரும் பாதை ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வெளியேறுகிறது. தண்டையார்பேட்டை யார்டு இந்த நகரத்தின் பெரிய சரக்கு யார்டு. கன்டெய்னர் கிடங்கும் அதை ஒட்டித்தான். துறைமுகத்தில் நிலக்கரித் தூசும் இரும்புத்தாதுத் தூசும் மக்களை வாட்டியதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2011 அக்டோபர் முதல் அங்கே இவ்விரண்டையும் கையாள்வது நின்றது. இப்போது நிலக்கரி என்றால் எண்ணூர்க் காமராசர் துறைமுகம்தான். 2001-இல் தொடங்கப்பட்ட அந்தத் துறைமுகத்தின் ரயில் இணைப்பு அத்திப்பட்டுப் பக்கம் வந்து வடக்குத் தடத்தில் சேர்கிறது.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. அத்திப்பட்டில் நிலக்கரி ரேக்கைப் பார்த்தவுடன், பக்கத்திலிருக்கும் வட சென்னை அனல் மின் நிலையத்துக்குத்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மின் நிலையத்துக்குத் துறைமுகத்திலிருந்து நிலக்கரி கன்வேயர் பட்டையிலேயே போய்விடுகிறது. வல்லூர் மின் நிலையத்துக்கும் அப்படியே. ரயிலில் ஏறும் நிலக்கரி தூரத்து ஊருக்கு. அதில் முக்கியமானது மேட்டூர் அனல் மின் நிலையம்.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருக்கின்றன. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வட்டாரத்தில் எண்ணெய் முனையங்கள் இருப்பதால் டேங்கர் ரேக்குகளை இங்கே காணலாம். வாலாஜாபாத் கார்களுக்குப் பெயர்பெற்றது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு அருகில் இருப்பதால், கார்கள் அங்கே ரயிலேறி வட மாநிலங்களுக்குப் போகின்றன. சென்ட்ரலுக்கு அருகிலுள்ள சால்ட் கோட்டர்ஸ், ராயபுரம் போன்றவை பழைய கூட்ஸ் ஷெட்டுகள். ஆவடி, பட்டாபிராம் பக்கம் ராணுவச் சைடிங்குகள் உண்டு. அவற்றைப் படத்தில் குறிக்க வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம்.

வேகனைப் பார்த்துச் சரக்கைச் சொல்வது

வகைகள் ஏராளம் என்றாலும் தொடக்கத்துக்கு ஆறேழு போதும். மேல் திறந்த உயரமான பெட்டி பாக்ஸ்-என், நிலக்கரிக்கும் தாதுவுக்கும். பெயரில் வரும் ‘என்’ காற்றழுத்த பிரேக்கைக் குறிக்கிறது. அதே நிலக்கரிக்கு, அடியில் கதவு திறந்து கொட்டும் பெட்டியும் உண்டு, அது பி.ஓ.பி.ஆர். அடிப்பக்கம் சரிந்து குறுகியிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். கூரையும் பக்கக் கதவும் உள்ள மூடிய பெட்டி பி.சி.என்.; அரிசி, உரம், சிமென்ட் மூட்டைகளுக்கு. உருளை வடிவ பி.டி.பி.என். பெட்ரோலியப் பொருள்களுக்கு. பி.ஆர்.என். எஃகுச் சுருள், தண்டவாளம் போன்றவற்றைத் தாங்கும் தட்டை வண்டி. கன்டெய்னருக்கான பி.எல்.சி. மிகத் தாழ்வான தட்டை வண்டி. ஐந்தைந்தாக நிரந்தரமாகக் கோத்திருப்பார்கள். 2006-க்குப் பிறகு கன்டெய்னர் ரயில் நடத்தத் தனியாருக்கும் அனுமதி கிடைத்ததால், பெட்டியின் பக்கவாட்டில் பல நிறுவனங்களின் பெயரைக் காணலாம்.

எனக்கு மிகப் பிடித்தது என்.எம்.ஜி. கார் ஏற்றும் பெட்டி. பயணிகள் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய பெட்டிகளின் ஜன்னல்களை அடைத்து, முனையில் அகலக் கதவு வைத்து மாற்றியவை அவை. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் பழைய ஜன்னல் வரிசையின் விளிம்பு தெரியும். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி, கால் நூற்றாண்டு மக்களைச் சுமந்துவிட்டு, வாலாஜாபாத்தில் கார் ஏற்ற நிற்கும் பெட்டியைப் பார்ப்பதற்காகவே நான் அந்தப் பக்கம் போவதுண்டு.

அடுத்து, சுமை இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரங்களுக்கு இடையிலுள்ள சுருள் வில்கள் நெருங்கி அமுங்கியிருந்தால் சுமை. இடைவெளி விட்டு நிமிர்ந்திருந்தால் காலி. காதுக்கும் வேலை உண்டு. காலிப் பாக்ஸ்-என் பெட்டிகள் தகரம் அதிர்வது போல் இரைந்துகொண்டு போகும். சுமை ஏற்றியவை தாழ்ந்த குரலில் தரையை நடுக்கிக்கொண்டு போகும். முழு நிலக்கரி ரேக் என்பது 58 பெட்டி அளவில், ஏறத்தாழ 650 மீட்டர் நீளம், எடை ஐயாயிரம் டன் என்ற கணக்கு.

எஞ்சினின் பக்கவாட்டில் அதன் பணிமனைப் பெயர் எழுதியிருக்கும்: அரக்கோணம், ஈரோடு, விஜயவாடா, லாலாகுடா என்று. அதைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பித் தடத்தை முடிவு செய்யாதீர்கள். சரக்கு எஞ்சின்கள் நாடு முழுக்கச் சுற்றுகின்றன.

பதினொரு இலக்க எண்

ஒவ்வொரு வேகனுக்கும் பதினொரு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு வேகனின் வகை. அடுத்த இரண்டு உரிமை உள்ள ரயில்வே. அதற்கடுத்த இரண்டு செய்த ஆண்டு. பின்வரும் நான்கு அந்த வேகனுக்கே உரிய எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஓடும் வண்டியில் எழுதும்போது ஓர் இலக்கம் பிசகுவது சாதாரணம். பிசகியதா என்று வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடிக்கக் கடைசி இலக்கம் உதவும்.

மாதிரிக்காக நானே அமைத்த எண் ஒன்று: 31071426857. இரட்டை இடங்களில் இருக்கும் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1, 7, 4, 6, 5 சேர்ந்து 23. அதை 3-ஆல் பெருக்கினால் 69. ஒற்றை இடங்களில் இருப்பவை, கடைசி இலக்கம் நீங்கலாக, 3, 0, 1, 2, 8, கூட்டினால் 14. இரண்டும் சேர்ந்து 83. இதற்கு அடுத்த பத்தின் மடங்கு 90. வித்தியாசம் 7. எண்ணின் கடைசி இலக்கமும் 7 என்பதால் எழுதியது சரி. ஐந்தாம், ஆறாம் இடங்களில் 14 இருப்பதால் 2014-இல் செய்தது என்றும் தெரிகிறது.

எல்லா எண்ணையும் எழுத வேண்டியதில்லை. சரக்கு ரேக்குகள் பெரும்பாலும் பிரியாமல் ஒரே தொகுதியாகவே சுற்றுகின்றன. எஞ்சினுக்கு அடுத்த இரண்டு பெட்டி, கடைசி இரண்டு பெட்டி ஆகியவற்றின் எண்கள் போதும். இன்று அத்திப்பட்டிலிருந்து சுமையுடன் போன ரேக் சில நாள் கழித்துக் காலியாகத் திரும்பும்போது அந்த எண்களைக் கொண்டு உறுதி செய்யலாம். அப்படி ஒரு சுற்றை முழுமையாகப் பிடித்துவிட்டால், அந்தத் தடம் உங்களுக்குச் சொந்தம்.

கடைசிப் பெட்டியில் ‘எக்ஸ்’ குறியோ சிவப்பு விளக்கோ இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி முழுமையாக வந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அங்கே பிரேக் வேனில் இருப்பவரை எல்லோரும் கார்டு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். 2022 ஜனவரியிலிருந்து அவருடைய பதவிப் பெயர் டிரெயின் மேனேஜர்.

ஒரு ரேக்கை முழுதாகத் தொடர்ந்து பார்ப்போம்

பெரம்பூர் நடைமேடையில் நிற்கிறீர்கள். மேற்கு நோக்கி ஒரு பாக்ஸ்-என் ரேக் போகிறது, வில்கள் அமுங்கியிருக்கின்றன, மேலே கறுப்புக் குவியல் தெரிகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இல்லை என்பதால் அது எண்ணூரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கூடூருக்கு அப்பாலிருந்து. கூடூருக்கு அப்பாலிருந்து மேற்கே போகிற வண்டியை ரேணிகுண்டா வழியாகவே திருப்பியிருக்கலாம் என்பதால் எண்ணூர் என்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் அத்திப்பட்டு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி இணைப்பு, பெரம்பூர். இனி ஆவடி, அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம். சேலத்தில் பிரிந்து மேட்டூர் அணை. நண்பர் ஒருவர் காட்பாடியில் இருந்தால் எஞ்சின் எண்ணைச் சொல்லுங்கள். அவர் பார்த்துச் சொன்னால் உங்கள் ஊகம் உறுதியாகும்.

அதே நடைமேடையில் கன்டெய்னர் ரேக் போனால் ஜோலார்பேட்டை வரை வழி ஒன்றுதான். அங்கே பிரிந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் கிடங்குக்குப் போகும் வண்டியாக இருக்கலாம். சென்னைத் துறைமுகத்துக்கும் அந்தக் கிடங்குக்கும் நீண்டகாலத் தொடர்பு. திசை கிழக்கு, பெட்டி டேங்கர், வில்கள் நிமிர்ந்திருக்கின்றன என்றால் தண்டையார்பேட்டைப் பக்கம் நிரப்பப் போகும் காலி ரேக் என்று எழுதலாம்.

குறிப்பேட்டில் ‘பார்த்தது’, ‘ஊகித்தது’ என்று இரண்டு பத்தி வையுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் ஆறு மாதம் கழித்து எது கண்ணால் கண்டது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். இடம், நேரம், திசை, எஞ்சின் எண், வேகன் வகை, சுமை, நான்கு வேகன் எண்கள் ஆகியவை முதல் பத்தியில் வரட்டும்.

சிக்னலும் லூப் லைனும்

வண்டி வருவதற்கு முன்பே அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடக்கூடியது சிக்னல்தான். தடம் பிரியும் இடத்துக்கு முன்னாலுள்ள சிக்னலின் தலையில் சாய்வாக ஒரு வரிசை வெள்ளை விளக்குகள் பொருத்தியிருப்பார்கள். அந்த வரிசை எரிந்தால் வண்டி அந்தப் பக்கம் விலகப் போகிறது என்று பொருள். கம்பத்தில் ‘ஏ’ என்ற எழுத்துப் பலகை இருந்தால் அது தானியங்கிச் சிக்னல். முன்னால் போன வண்டி விலகியதும் தானாக மாறும். புறநகர்ப் பகுதியில் இவை அதிகம். இரட்டை மஞ்சள் விழுந்தால் ஓட்டுநர் அடுத்த சிக்னலை எதிர்பார்த்து வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஒற்றை மஞ்சள் விழுந்தால் அடுத்ததில் நிற்கத் தயாராக வேண்டும்.

பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் சரக்கு ரயிலை லூப் லைனில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் பக்கப் பாதையில், ஒதுக்குவார்கள். நமக்கு அது நல்ல வாய்ப்பு. நின்ற வண்டியில் எண்களைப் பிழையில்லாமல் எழுதலாம். ரயில்வேக்கு அது எச்சரிக்கையாகச் செய்ய வேண்டிய காரியம். 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில், மெயின் லைனில் போக வேண்டிய மைசூரு-தர்பங்கா எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் மீது மோதியது. உயிரிழப்பு இல்லை, பலர் காயமடைந்தார்கள். 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற டேங்கர் ரயில் தடம் புரண்டு தீப்பிடித்ததில் மேற்குத் தடமே முடங்கிற்று. இப்படி ஒரு தடம் அடைபடும் நாளில் வெளிவட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது புரியும். ஆனால் விபத்து நடந்த இடத்துக்குக் கேமராவுடன் போகாதீர்கள். மீட்புப் பணிக்கு இடைஞ்சல்; பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவமதிப்பு.

எங்கே, எப்போது

காலை, மாலை நெரிசல் நேரங்களில் புறநகர் ரயில்களே தடத்தை நிறைத்துவிடும். முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை புதியவர்களுக்கு ஏற்ற நேரம். இரவில் ஓட்டம் அதிகம் என்றாலும் இரவு நேரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணும் படிக்க முடியாது, பாதுகாப்பும் குறைவு. பெரம்பூர், கொருக்குப்பேட்டை, அத்திப்பட்டுப் புதுநகர், திருவள்ளூர், அரக்கோணம் ஆகிய நிலையங்களின் நடைமேடைகளே போதும். வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

தண்டவாளத்தில் கால் வைக்கவே கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. நின்றிருக்கும் வேகன் மீது படத்துக்காக ஏறி உயிரை விட்ட இளைஞர்களைப் பற்றிய செய்தியைப் படிக்கும் போதெல்லாம் மனம் பதறுகிறது. செல்ஃபிக் குச்சியையும் அந்தக் கம்பிப் பக்கம் உயர்த்தாதீர்கள். மேம்பாலத்திலிருந்து பார்ப்பவர்கள் தடுப்பு வலைக்கு வெளியே கையை நீட்ட வேண்டாம்.

நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அரை நாள் தங்க நினைத்தால் அடுத்தடுத்த நிலையத்துக்குப் பயணச் சீட்டு எடுத்து நகர்ந்துகொண்டே போவது நல்லது. புறநகர் சீசன் டிக்கெட் இருந்தால் இன்னும் எளிது. படம் எடுக்க விரும்பினால் நிலைய அதிகாரியிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையினர் விசாரித்தால் குறிப்பேட்டைத் திறந்து காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விவாதம் செய்யாமல் கேமராவை மூடிவிடுங்கள். லோகோ பைலட் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் போடவே கூடாது.

பகிர்வதிலும் நிதானம் வேண்டும். டேங்கர் ரேக் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று நேரலையில் எழுதாதீர்கள். ஓரிரு நாள் கழித்து எழுதினாலும் ஆர்வலர்களுக்கு அதே பயன்தான். ராணுவத் தளவாடம் ஏற்றிய வண்டியைப் பார்த்தால் குறிப்பேட்டிலேயே எழுத வேண்டாம்.

பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் கை பழகிய பிறகு ஒரு முழு நாளைக் கூடூருக்கு ஒதுக்குங்கள். சென்னை, ரேணிகுண்டா, விஜயவாடா என மூன்று பக்கமும் பிரியும் ரேக்குகளை அங்கே ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். அதற்கும் வடக்கே வெங்கடாசலம் என்ற நிலையத்தில் கிருஷ்ணபட்டினம் துறைமுகப் பாதை வந்து சேர்கிறது. அங்கிருந்து ஓபுலவாரிப்பள்ளிக்கு 2019-இல் திறந்த புதிய பாதை, 6.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து போகிறது. கிருஷ்ணபட்டினத்து நிலக்கரி கூடூரையும் ரேணிகுண்டாவையும் தொடாமலே குண்டக்கல் பக்கம் போக அது வழி செய்திருக்கிறது. உங்கள் தாளில் வெளிவட்டத்துக்கு அப்பால் அந்தக் கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.